பேட்டன்ட் வாங்குவது எப்படி? திருநெல்வேலிப் பக்கத்துப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டை தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர், உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சுகிறவர், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற அக்கா, அபிஷேகப்பட்டியில் படிக்கிற தம்பி என்று பலரும் கேட்கிற கேள்விகள் இவை. பேட்டன்ட் என்றால் காப்புரிமை. எல்லாருக்கும் சட்டம் ஒன்றுதான்: 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டமும் 2003ஆம் ஆண்டு விதிகளும். 2024 மார்ச்சில் விதிகள் நிறைய மாறிவிட்டன. பழைய வீடியோவைப் பார்த்துக் காலக்கெடுவைக் கணக்குப் போட்டு வைத்திருந்தால், அதை அழித்துவிட்டு மேலே படியுங்கள்.

புதுசா ஒரு மெஷின் செய்திருக்கேன் அண்ணாச்சி. முதல் வேலை என்ன?

யாருக்கும் காட்டாமல் இருப்பது. விண்ணப்பம் போடும் நாளுக்கு முன்னால் அந்த விஷயம் உலகத்தில் எங்கேயும் வெளிப்படையாகத் தெரிந்திருக்கக் கூடாது. நீங்களே வெளியிட்டிருந்தாலும் அது வெளியானதுதான். ஒரு மெஷினை விற்றுவிட்டு, ‘நல்லா ஓடுதா பார்ப்போம், அப்புறம் பேட்டன்ட் போடலாம்’ என்று இருப்பவர்கள்தான் நம் பக்கம் அதிகம். அந்த விற்பனையே விண்ணப்பத்தைக் கவிழ்க்கப் போதும்.

வெல்டரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் வேலை வாங்காமல் முடியாதே என்பீர்கள். வாங்கலாம். வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ‘நமக்குள்ள என்ன மாமா எழுத்து’ என்று சொந்தக்காரர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

வாட்ஸப் ஸ்டேட்டஸில் வீடியோ போட்டுட்டேனே?

வீடியோவில் மெஷினின் வெளித்தோற்றம் மட்டும் தெரிந்து, உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பது தெரியவில்லை என்றால் தப்பிக்க வழி இருக்கிறது. சூட்சுமம் தெரிகிற மாதிரி எல்லாருக்கும் போட்டிருந்தால் சிரமம். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்திருந்தாலோ, அறிஞர் சபையில் கட்டுரையாக வாசித்திருந்தாலோ 12 மாதச் சலுகை உண்டு. 2024 முதல் அதற்கு 31ஆம் எண் படிவம் இருக்கிறது. ஊர்த் திருவிழா ஸ்டால், கல்லூரி ஆண்டுவிழா, யூடியூப் எதுவும் இந்தக் கணக்கில் வராது.

எதற்கெல்லாம் பேட்டன்ட் கிடைக்கும்?

மூன்று விஷயம் பார்ப்பார்கள். புதியதாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்த ஆளுக்குச் சட்டென்று தோன்றிவிடக் கூடாது. தொழிலில் செய்து பயன்படுத்த முடிய வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் எளிது. பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது நடுவில்தான், அதனால் அதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

கருப்பட்டி காய்ச்ச ஒருவர் மெஷின் செய்கிறார் என்று வையுங்கள். பதநீர் கொதிக்கும்போது நுரை பொங்கும். ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்குவார்கள். அப்புறம் பாகு பதத்துக்கு வரும்வரை கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். இவர் துடுப்பை மோட்டாரில் மாட்டுகிறார். பாகு இறுக இறுக மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும்; அது ஓர் அளவைத் தாண்டினால் அடுப்பு தானாக அணையும். நுரை மேலே ஏறினால் கொப்பரை விளிம்பில் உள்ள கம்பியில் பட்டு, தீ தணியும்.

விண்ணப்பம் போனால் பேட்டன்ட் அலுவலக ஆய்வாளர் இரண்டு பழைய ஆவணங்களை எடுத்து வைப்பார். ஒன்று, மோட்டாரின் சுமையைப் பார்த்து நிறுத்துகிற பால்கோவா மெஷின். இன்னொன்று, நுரை பட்டதும் தீயைக் குறைக்கிற பால் காய்ச்சும் கருவி. ‘இரண்டையும் சேர்த்தால் உம்முடைய மெஷின், இதில் புதிதாக யோசிக்க என்ன இருக்கிறது?’ என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

இப்போது நம்ம ஆள் பட்டறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நுரை கலந்த பாகு லேசாக இருப்பதால் மோட்டார் குறைவாகவே கரண்ட் இழுக்கிறது. பாகு பதத்தைத் தாண்டி அடிப்பிடித்த பிறகும் மெஷின் ‘இன்னும் ஆகவில்லை’ என்றே நினைக்கிறது. அதனால் கம்பியில் நுரை படாமல் இருக்கிற நேரத்தில் மட்டும் கரண்டை அளக்கிற மாதிரி இரண்டையும் இணைத்துவிட்டார். பால்கோவா மெஷினிலும் இது இல்லை, பால் கருவியிலும் இல்லை. பேட்டன்ட் கிடைக்க வாய்ப்பு இருக்கிற இடம் அந்த இணைப்புதான். மெஷின் முழுவதும் தன் கண்டுபிடிப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். சட்டத்தின் கண்ணில் கண்டுபிடிப்பு அந்த ஓர் அங்குலம்.

அப்போ அந்த ஓர் அங்குலத்தை எப்படி எழுதுவது?

விண்ணப்பத்தின் கடைசியில் ‘கிளெய்ம்’ என்று ஒரு பகுதி வரும். உங்கள் உரிமை எதுவரை என்பதை அதுதான் தீர்மானிக்கும். முன்னால் நாற்பது பக்கம் எழுதியிருந்தாலும் கிளெய்மில் இல்லாதது உங்களுடையது இல்லை. பத்திரத்தில் நான்கு மால் எழுதுகிற மாதிரி.

‘பதநீர் காய்ச்சும் மெஷின்’ என்று மட்டும் எழுதினால் பழைய மெஷின் ஒன்றைக் காட்டி அடித்துவிடுவார்கள். ‘ஒரு குதிரைத்திறன் மோட்டார், 3 அடிக் கொப்பரை, எவர்சில்வர் துடுப்பு உள்ள மெஷின்’ என்று எழுதினால் எதிர்த்த பட்டறைக்காரர் இரண்டரை அடிக் கொப்பரை போட்டுத் தப்பித்துக்கொள்வார். ‘கிண்டும் துடுப்பு, அதை ஓட்டும் மோட்டார், நுரையை உணரும் பாகம், நுரை உணரப்படாத நேரத்தில் மட்டும் மோட்டாரின் சுமையை அளந்து வெப்பத்தை நிறுத்தும் கட்டுப்பாட்டுப் பாகம் ஆகியவை கொண்ட, சர்க்கரைச் சாறு காய்ச்சும் கருவி’ என்று எழுதினால் இரண்டு பக்கமும் அடைபடுகிறது. ‘சர்க்கரைச் சாறு’ என்று போட்டதால் கரும்புச்சாறு காய்ச்சுகிறவரும் இதற்குள் வந்துவிடுகிறார். கொப்பரை அளவையும் எவர்சில்வரையும் அடுத்தடுத்த துணைக் கிளெய்ம்களில் வைத்துக்கொள்ளலாம்.

சொந்தமாக எழுதவே முடியாத பகுதி என்றால் இதுதான் என்பேன். மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கிளெய்முக்கு மட்டுமாவது ஒரு பேட்டன்ட் ஏஜென்டை, அதாவது இந்த விண்ணப்பங்களை எழுதித் தரப் பதிவு பெற்றவரை, பிடியுங்கள்.

தமிழில் எழுதிக் கொடுக்கலாமா?

முடியாது. விதிப்படி ஆங்கிலம் அல்லது இந்தி மட்டும்தான். ஆனால் ஏஜென்டிடம் கொடுக்கும் குறிப்பைத் தமிழில், உங்கள் பட்டறைப் பேச்சிலேயே எழுதுங்கள். எது எதற்கு, எதை மாற்றிப் பார்த்தீர்கள், எது சொதப்பியது எல்லாம் வர வேண்டும். ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்று சுருக்கிவிடுபவர்கள் சொதப்பியதைத்தான் முதலில் விடுகிறார்கள். ஆய்வாளருக்குப் பதில் சொல்லும்போது கை கொடுப்பதும் அதுதான்.

எதற்குக் கிடைக்காது?

சட்டத்தின் மூன்றாம் பிரிவில் பட்டியலே இருக்கிறது. நம் ஊரில் அடிக்கடி முட்டிக்கொள்வதை மட்டும் சொல்கிறேன்.

காந்தம் வைத்துக் கரண்ட் இல்லாமல் தானே ஓடும் ஜெனரேட்டர்: கிடைக்காது. இயற்கை விதிக்கு மாறானது.

விவசாய முறை: கிடைக்காது. கருவிக்குக் கேட்கலாம், நடவு முறைக்குக் கேட்க முடியாது. புது நெல் ரகத்துக்கும் இந்தச் சட்டத்தில் இடமில்லை. அதற்கு 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் தனியாக இருக்கிறது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.எஸ்.டி. 16 நம் வயலில் எல்லாருக்கும் பழக்கம். அந்த மாதிரி நீங்களே ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றி வந்தால் உழவர் ரகமாகப் பதியலாம். உழவருக்குப் பதிவுக் கட்டணம் இல்லை.

பாட்டி வைத்தியம், சித்த மருந்து: தெரிந்ததை அப்படியே கொண்டுபோனால் கிடைக்காது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று அமெரிக்காவில் 1995இல் கொடுத்த பேட்டன்டை நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து 1997இல் ரத்து செய்யவைத்தது. வெளிநாட்டுக்காரருக்கு இல்லாதது நமக்கு மட்டும் எப்படி இருக்கும்? சித்த நூல்களில் உள்ளதையெல்லாம் இப்போது மின்னூலகமாகத் தொகுத்து ஆய்வாளர்கள் தேடுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். பொதிகை மலை மூலிகையை வைத்து உண்மையிலேயே புதிதாக ஒன்று செய்திருந்தால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திலும் நீங்கள் முடிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ஏஜென்டிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

செல்போன் ஆப்: வெறும் கணினி நிரலுக்கும் வியாபார முறைக்கும் கிடையாது. நிரல் ஒரு கருவியின் வேலையைத் தொழில்நுட்ப ரீதியில் மேம்படுத்தினால் வாதாட இடமுண்டு.

அல்வா பக்குவத்துக்குப் பேட்டன்ட் வாங்கலாமா?

வாங்கவும் முடியாது, வாங்க ஆசைப்படவும் கூடாது. பொருள்களைக் கலந்தால் அவற்றின் குணங்கள் சேர்ந்து வருவது கண்டுபிடிப்பு ஆகாது. அப்படியே கிடைத்தாலும் பக்குவத்தை ஒன்றுவிடாமல் எழுதி ஊருக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும். 20 வருஷம் கழித்து யார் வேண்டுமானாலும் கிண்டலாம். ரகசியமாக வைத்துக்கொண்டால் பேரன் காலத்திலும் ரகசியம்தான். கேட்கிறவர்களிடம் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிடலாம், அதைத்தானே எல்லாரும் சொல்கிறார்கள்.

பத்தமடைப் பாய்க்கு வாங்கியிருக்காங்களே, அது என்ன?

அது புவிசார் குறியீடு, ஊருக்கும் அந்தத் தொழிலுக்கும் கிடைப்பது. கோவில்பட்டி கடலைமிட்டாய், உடன்குடி கருப்பட்டி, ஆத்தூர் வெற்றிலை எல்லாம் அந்த வகை. தனி ஆள் சொத்தாக அதைக் கேட்க முடியாது. பாய் நெய்கிற தறியில் புதிய பாகம் போட்டால் பேட்டன்ட். பாயில் புதிய உருவம் போட்டால் டிசைன் பதிவு, அதற்கு 10 வருஷமும் நீட்டித்தால் இன்னும் 5 வருஷமும். கடைப் பெயருக்கு டிரேட்மார்க். பலருக்கு உண்மையில் வேண்டியது டிரேட்மார்க்தான். பேட்டன்ட் என்று கேட்டு வருவார்கள்.

ஏற்கெனவே யாராவது செய்திருக்காங்களா என்று எங்கே பார்ப்பது?

பேட்டன்ட் அலுவலக இணையதளத்தில் உள்ள ‘இன்பாஸ்’ தேடலில் இந்திய விண்ணப்பங்களைப் பார்க்கலாம். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் ‘எஸ்பேஸ்நெட்’ இரண்டும் இலவசம். ‘பதநீர்’ என்று தேடினால் ஒன்றும் சிக்காது. ‘பாகு’, ‘சாறு சுண்டவைத்தல்’, ‘நுரை’ என்று மெஷின் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் போட்டுத் தேட வேண்டும். ஒரு வாரம் இதில் செலவழிக்கலாம், தப்பே இல்லை. உங்கள் யோசனையே அங்கே கிடந்தால் விண்ணப்பச் செலவு மிச்சம்.

சரி, போடுகிற முறை?

கண்டுபிடிப்பை விளக்கி எழுதும் ஆவணத்துக்கு விவரக்குறிப்பு என்று பெயர். மெஷின் முழுசாக முடியாவிட்டாலும் தற்காலிக விவரக்குறிப்பு போட்டுத் தேதியைப் பிடிக்கலாம். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தற்காலிகம்தானே என்று அரைப்பக்கம் எழுதாதீர்கள். அதில் இல்லாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது.

படிவம் 1 விண்ணப்பம், 2 விவரக்குறிப்பு, 3 வெளிநாட்டு விண்ணப்பம் பற்றிய உறுதிமொழி, 5 கண்டுபிடித்தவர் யார் என்ற அறிவிப்பு. ஏஜென்ட் வைத்தால் 26. படங்கள் கோட்டுப் படமாக, பாகங்களுக்கு எண் போட்டு இருக்க வேண்டும். எல்லாம் இணையத்திலேயே முடியும்; டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். தமிழ்நாட்டுக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில்.

சாதாரணமாக 18 மாதம் ஆனதும் விண்ணப்பம் பேட்டன்ட் அலுவலக இதழில் வெளியாகும். தானாக யாரும் பரிசோதிக்க மாட்டார்கள். 18ஆம் படிவம் போட்டுக் கேட்க வேண்டும். முன்பு அதற்கு 48 மாதம் இருந்தது. 2024 மார்ச் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு, முதலில் போட்ட நாளிலிருந்து 31 மாதம்தான். இதைக் கவனிக்காமல் விட்டால் விண்ணப்பம் செத்துப்போகும், யாரும் போன் போட்டுச் சொல்ல மாட்டார்கள். பரிசோதித்ததும் ஆட்சேபணைகளோடு முதல் அறிக்கை வரும். பதிலுக்கு 6 மாதம், கேட்டால் இன்னும் 3 மாதம். அறிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆட்சேபணை இல்லாமல் வருவதுதான் அபூர்வம். தேவைப்பட்டால் விசாரணை வைப்பார்கள், வீடியோவிலேயே பேசலாம்.

எவ்வளவு செலவாகும்?

தனிநபர், ஸ்டார்ட்அப், உதயம் பதிவு உள்ள சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் எல்லாருக்கும் சலுகைக் கட்டணம். இணையத்தில் போட்டால் விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000. பெரிய கம்பெனிக்கு இதுவே 8,000, 20,000. 30 பக்கத்தையும் 10 கிளெய்மையும் தாண்டினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் கிளெய்முக்கும் தனியாகக் கூடும். கிடைத்த பிறகு, விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து எண்ணி மூன்றாம் வருஷம் முதல் புதுப்பிக்கும் கட்டணம்: முதலில் வருஷத்துக்கு 800, ஏழிலிருந்து 2,400, பதினொன்றிலிருந்து 4,800, பதினாறிலிருந்து 8,000. இருபது வருஷமும் கட்டினால் தனிநபருக்கு 76,800 வருகிறது. மெஷின் ஓடாவிட்டால் நடுவில் நிறுத்திவிடலாம்.

ஏஜென்ட் கூலி இதற்கு மேல். ஒரே தொகையாகச் சொல்கிறாரா, ஆட்சேபணைக்குப் பதில் எழுதவும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள். சிறு தொழில்களுக்குச் செலவைத் திருப்பித் தரும் அரசுத் திட்டங்கள் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையம் சென்னையில் இருக்கிறது. பட்டறை, வயல் சார்ந்த எளிய கண்டுபிடிப்புகளுக்குக் குஜராத்தில் உள்ள தேசிய புத்தாக்க அறக்கட்டளை கைகொடுக்கும்.

சீக்கிரம் வாங்க வழி உண்டா?

பரிசோதனை கேட்க 18ஆம் படிவத்துக்குப் பதில் 18ஏ படிவம். ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் போன்றவர்களுக்கு உண்டு. விண்ணப்பதாரர்கள் எல்லாரும் தனிநபர்களாக இருந்து, அதில் ஒருவர் பெண்ணாக இருந்தாலே போதும். தனிநபருக்கு 8,000 ரூபாய். இதற்காகவே வீட்டம்மா பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்த்தால் அவர் உண்மையான பங்காளி ஆகிவிடுவார். அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மச்சான் பணம் போட்டான், பட்டறையில் ஒரு பையன் வேலை செய்தான். யார் பெயரில் போடுவது?

கண்டுபிடித்தவர் வேறு, விண்ணப்பதாரர் வேறு. பணம் போட்ட மச்சான் கண்டுபிடித்தவர் இல்லை. ஆனால் உரிமையை எழுதி வாங்கினால் விண்ணப்பதாரர் ஆகலாம். நீங்கள் சொன்ன அளவுக்குக் கடைந்து கொடுத்த பையனும் கண்டுபிடித்தவர் இல்லை. ஆனால் ‘அண்ணாச்சி, நுரை அடங்கின பெறவு அளந்து பாருங்க’ என்று சொன்னது அந்தப் பையன் என்றால், மன்னிக்கவும், அந்த ஓர் அங்குலம் அவனுடையது. அவன் பெயர் வரத்தான் வேண்டும். உரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லலாம், அதற்கு நியாயமாக ஏதாவது கொடுங்கள். பெயரை மறைத்தால் பின்னால் பேட்டன்டையே ரத்து செய்யக் கேட்க முடியும்.

இரண்டு பேர் கூட்டாக வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது ஆளுக்குச் சம பங்கு. ஒருவர் தானே மெஷின் செய்து விற்கலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்டவும் வேண்டியதில்லை. ஆனால் வெளியாளுக்கு லைசென்ஸ் கொடுக்கவோ தன் பங்கை விற்கவோ மற்றவர் சம்மதம் வேண்டும். மச்சானோடு சண்டை வந்தால் மெஷின் அப்படியே நிற்கும். முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

துபாயில் தம்பி இருக்கான். அங்கே முதலில் போட்டால் என்ன?

நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்றால் கூடாது. இங்கே போட்டு 6 வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி வாங்க வேண்டும். மீறினால் தண்டனை உண்டு. உலகம் முழுவதுக்கும் ஒரே பேட்டன்ட் என்று ஒன்று கிடையாது. இங்கே போட்ட 12 மாதத்துக்குள் நாடு நாடாகவோ, பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போடும் பி.சி.டி. உடன்படிக்கை வழியாகவோ போக வேண்டும். செலவு லட்சங்களில் ஓடும். வாங்குகிற ஆள் அங்கே தயாராக இல்லையென்றால் வேண்டாம் என்பது என் எண்ணம்.

கல்லூரியில் ‘பேட்டன்ட் பப்ளிஷ்ட்’ என்று சர்டிபிகேட் கொடுத்தாங்க.

வெளியாவது வேறு, வழங்கப்படுவது வேறு. காலக்கெடு வந்தால் நல்லதும் கெட்டதும் எல்லாமே வெளியாகும். யாரும் பரிசோதித்துப் பார்த்தார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. அதை வைத்து மாலை போட்டுப் படம் எடுப்பதெல்லாம் வீண் ஜம்பம். வழங்கப்படாத ஒன்றைப் ‘பேட்டன்ட் பெற்றது’ என்று பொருளில் அச்சடித்தால் அபராதம் வேறு.

எவனாவது காப்பி அடித்தால்?

வழங்கப்படும் முன் வழக்குப் போட முடியாது. வழங்கப்பட்ட பிறகு, இதழில் வெளியான நாளிலிருந்து நஷ்டஈடு கேட்கலாம். போலீஸ் கேஸ் ஆகாது, சிவில் வழக்குதான். அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். வருஷத்துக்கு நாலு மெஷின் விற்கிற பட்டறைக்கு வழக்கை விட லைசென்ஸ் நல்லது. காப்பி அடித்தவரையே கூப்பிட்டு, மெஷினுக்கு இவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, அந்த ஒப்பந்தத்தைப் பேட்டன்ட் அலுவலகத்திலும் பதிந்துவிடுங்கள்.

வாங்கி பீரோவில் வைத்தால் போதுமா?

போதாது. மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை 27ஆம் படிவத்தில் அதைத் தொழிலில் பயன்படுத்துகிறீர்களா என்று சொல்ல வேண்டும். வழங்கி மூன்று வருஷம் கழித்தும் மக்களுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தால் வேறு யாராவது கட்டாய லைசென்ஸ், அதாவது உங்கள் சம்மதம் இல்லாமலே தரப்படும் லைசென்ஸ், கேட்கலாம். 2012இல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு அப்படிக் கொடுத்தார்கள். கருப்பட்டி மெஷினுக்கு அந்த அளவுக்குப் போகாது. ஆனால் புதுப்பிக்கும் தேதியை மட்டும் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். தவறினால் தாமதக் கட்டணத்தோடு 6 மாதம் தருவார்கள். அதையும் விட்டால் 18 மாதத்துக்குள் மீட்க மனுப் போடலாம், ஆனால் ஏன் தவறியது என்று விளக்கிச் சமாளிக்க வேண்டும்.